லிப்அளவை-மொழிக்கு ஏன் எண் வைக்கவில்லை

போன வாரம் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கேள்வி வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகும் அங்கே இருக்கிற பிள்ளைகள் அவ்வப்போது போனில் ஏதாவது கேட்பார்கள். இதுவும் சின்னக் கேள்விதான். எல்லா லைப்ரரி பேக்கேஜுக்கும் பெயரோடு ஓர் எண் இருக்கிறது, லிப்அளவை-மொழிக்கு மட்டும் ஏன் இல்லை? உள்ளே பழைய வாக்கியங்கள் வேறு நிறையச் சும்மா கிடக்கின்றன. எண்ணைப் போட்டு, பழசை எடுத்துச் சுத்தம் செய்துவிடலாமா?

படித்ததும், "இன்னிக்கே பண்ணிடாதீங்க தம்பி, நான் சொல்றேன்" என்று மட்டும் பதில் போட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்து அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கணக்கும் வரவில்லை, அப்பாவுக்கும் உடம்பு முடியாமல் போனது. எது காரணம் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. புதுக்கோட்டையில் டைப்ரைட்டிங் படித்தேன். பிறகு ஒரு டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்தேன். பத்திரிகை அச்சுக்குப் போன பிறகு மாப்பிள்ளை பெயரை ஒழுங்காக அடித்தோமா என்று சந்தேகம் வந்து, சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்துவிட்டு அச்சகத்துக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவேன். சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அடுத்த பத்திரிகைக்கும் ஓடுவேன். என் தமிழில் தப்பு இருக்காது என்று யாரோ சொல்லப்போய், எங்கள் நிறுவனத்தில் வாக்கியம் அடிக்கக் கூப்பிட்டார்கள்.

மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான் நிறுவனம். பால் சங்கங்களில் பாலைச் சோதிக்கிற மெஷின் இருக்கும், அதோடு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிற லினக்ஸைத் தமிழில் தயார் செய்து, சங்கங்களுக்கு அப்டேட் அனுப்புவது எங்கள் வேலை. முதலில் வாக்கியங்களைத் தமிழில் அடித்தேன். அடித்ததை மெஷினில் ஏற்றுவதற்கு ஒரே பொட்டலமாக, அதாவது பேக்கேஜாகக் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்துப் பார்த்து நானே கட்ட ஆரம்பித்தேன்.

எங்களுக்குத் தலைமை வசந்தா மேடம். என்னைவிட வயதில் சிறியவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை கூடும். "வாங்க, போங்க" என்பது "வாங்களேன், வந்து பாருங்களேன்" என்று நீள ஆரம்பித்தால் செய்த வேலையை நான் மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பிப்பேன். புதிய பேக்கேஜ் எது கட்டினாலும், அதற்கு வைக்கப்போகிற பெயரை அவர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திரையைக் காட்டினால் போதாது. சொன்ன பிறகு, உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஃபைலும் மெஷினில் எந்த இடத்தில் போய் உட்காரும் என்று சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: "இது இல்லாமப் போனா யாருக்கு என்ன ஆகும்?" அதற்குப் பதில் தெரியாவிட்டால் பேக்கேஜ் வெளியே போகாது.

பெயர் வைக்கிற முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லைப்ரரி என்பது பல புரோகிராம்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்துகிற சரக்கு. எங்களிடம் அளவை என்று ஒரு லைப்ரரி இருந்தது. மெஷின் சொல்கிற அளவுகளை வாங்கி, அதற்குரிய வாக்கியத்தைத் திரைக்குக் கொடுக்கும். அதன் பேக்கேஜ் லிப்அளவை1; லிப் என்பது லைப்ரரியின் சுருக்கம். லைப்ரரியைப் பெரிய அளவில் மாற்றி எழுதினால் பழைய புரோகிராம்களுக்குப் புதியது ஒத்துவராது. அதனால் புதியதை லிப்அளவை2 என்று தனிப் பெயரில் விட வேண்டும். எண் வேறாக இருந்தால் இரண்டும் ஒரே மெஷினில் சண்டை இல்லாமல் இருக்கும். பழைய புரோகிராம் ஒன்றாம் எண்ணைக் கேட்கும், புதியது இரண்டாம் எண்ணைக் கேட்கும்.

தமிழ் வாக்கியங்கள் லைப்ரரிக்குள் இருப்பதில்லை. தனி ஃபைலில் இருக்கும். ஆங்கில வாக்கியம், அதன் பக்கத்தில் தமிழ் வாக்கியம் என்று ஜோடி ஜோடியாக இருக்கும். ஆங்கிலத்தைக் கொடுத்துத் தேடினால் தமிழ் கிடைக்கும். கிடைக்காவிட்டால் லைப்ரரி எந்தப் புகாரும் சொல்லாமல் ஆங்கிலத்தையே திரையில் போட்டுவிடும். இந்தச் சத்தமில்லாத குணம்தான் எனக்கு எப்போதும் பயம். உடைந்தால் உடைந்தது என்று தெரிய வேண்டாமா?

லிப்அளவை2 வந்தபோது அதன் தமிழுக்கும் ஒரு பேக்கேஜ் கட்ட வேண்டியிருந்தது. அதைக் கட்டியவர் வினோத், நன்றாகப் படித்த பிள்ளை, வேலையில் சுத்தம். பழையது லிப்அளவை1-மொழி என்று இருந்ததால் புதியதற்கு லிப்அளவை2-மொழி என்று வைத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அண்ணன் தம்பி போல வரிசையாக நின்றன. ஆனால் லைப்ரரி ஃபைல்களுக்குத்தான் தங்கள் பெயரிலேயும் எண் இருக்கிறது. தமிழ் ஃபைலுக்கு எண் கிடையாது. இரண்டு பேக்கேஜும் ஒரே இடத்தில் ஒரே பெயருள்ள ஃபைலைக் கொண்டுபோய் வைக்கப் பார்த்தன. ஒரு ஃபைலுக்கு ஒரு பேக்கேஜ்தான் சொந்தக்காரராக இருக்க முடியும். மெஷின் மறுத்துவிட்டது.

மேடம் அந்த வாரம் சென்னையில் இருந்தார். வினோத் ஒரு வழி கண்டுபிடித்தார்: புதியது வந்தால் பழையது விலகிக்கொள்ளட்டும் என்று எழுதிவிட்டார். மெஷின் ஒத்துக்கொண்டது. என்னைப் பார்க்கச் சொன்னார். நான் லிப்அளவை2-ஐக் கேட்கிற, பாலுக்கு ரசீது போடுகிற புதிய புரோகிராமைத் திறந்து, எழுத்து உடைந்திருக்கிறதா, கொம்பு தள்ளிப்போயிருக்கிறதா என்று ஒவ்வொரு வாக்கியமாகப் பார்த்தேன். எழுத்து சரியாக இருந்தது. இருந்தாலும் மனசுக்கு என்னவோ போல இருக்கிறது என்றேன்.

"கருப்பையாண்ணே, ஃபேன் ஓடுனாலும் பயப்படுவீங்க, நின்னாலும் பயப்படுவீங்க" என்று சிரித்தார் வினோத்.

உண்மைதான். எதற்கென்று எனக்கே சொல்லத் தெரியாத பயம். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் பயத்தை வைத்து யாரும் எதையும் நிறுத்த முடியாது. அப்டேட் போனது.

கொஞ்ச நாள் எந்தக் குறையும் வரவில்லை. பிறகு கந்தர்வக்கோட்டை தாண்டி ஒரு சங்கத்தின் செயலாளர் வேறு எதற்கோ போன் செய்தவர், பேச்சோடு பேச்சாக, மெஷினில் எப்போதாவது இங்கிலீஷில் ஏதோ வருகிறது என்றார். அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மேடம் போனை வாங்கி, எப்போது வருகிறது என்று கேட்டார். பாலைச் சோதித்துத் திரையில் சிவப்பு வரும்போது என்றார் அவர். சிவப்பு வந்தால் பாலை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார் மேடம். திருப்பி அனுப்பிவிடுகிறோம் என்றார் அவர். ஒரு பெண் பால் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டதாகவும் சொன்னார்.

மேடம் போனை வைத்துவிட்டு, "வினோத், இங்கிட்டு வந்து ஒக்காருங்களேன்" என்றார்.

பிரித்துப் பார்த்ததில் விஷயம் இதுதான். அந்தச் சங்கத்தில் ரசீது புரோகிராம் புதியது, ஆனால் பால் சோதிக்கிற புரோகிராம் பழையது, லிப்அளவை1-ஐத்தான் கேட்கும். இரண்டாம் பதிப்பில் எச்சரிக்கை வாக்கியங்களை எல்லாம் சுருக்கி மாற்றி எழுதியிருந்தோம். பழைய ஆங்கில வாக்கியங்களுக்குப் புதிய ஃபைலில் ஜோடி இல்லை. தினமும் வருகிற வாக்கியங்கள் மாறாததால் அவை தமிழிலேயே வந்துகொண்டிருந்தன. எப்போதாவது வருகிற சிவப்பு வாக்கியங்கள் மட்டும் ஆங்கிலமாகிவிட்டன. அதில் ஒன்று நான் அடித்தது: "பால் சூடாக உள்ளது. சற்று ஆறவைத்து மீண்டும் சோதிக்கவும்."

மேடம் யாரையும் திட்டவில்லை. தப்பு பெயரிலேயே இருக்கிறது என்றார். "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல தெருக்குழாய் இருந்தா, அதுல யாரு வீட்டு கதவு நம்பரை எழுதுவீங்க? ஃபைலுக்கு எண் இல்லைன்னா பேக்கேஜுக்கும் எண் இல்லை." இரண்டையும் ஒன்றாக்கி, எண் இல்லாமல் லிப்அளவை-மொழி என்று ஒரே பேக்கேஜாகக் கட்டச் சொன்னார். இரண்டு பதிப்புகளின் வாக்கியங்களும் அதில் இருக்க வேண்டும். பழைய பதிப்பு ஏதாவது ஒரு மெஷினில் ஓடுகிறவரைக்கும் அதன் ஒரு வாக்கியத்தைக்கூட எடுக்கக் கூடாது.

வினோத் கட்டினார், நான் வாக்கியங்களைச் சேர்த்தேன். ஒன்றாம் பேக்கேஜ் மட்டும் இருக்கிற மெஷினில் போட்டுப் பார்த்தோம். இரண்டாவது மட்டும் இருக்கிறதில் போட்டோம். எதுவுமே இல்லாததில் போட்டோம். பழையது இருந்த இடங்களில் அது ஒதுங்கிக்கொள்ள, மூன்றிலும் புதியது இடம் பிடித்தது. மேடம் வீட்டிலிருந்து பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்து, அலுவலகத்தில் இருந்த பழைய மெஷினில் ஊற்றினார். சிவப்பு வந்தது, தமிழில் வந்தது. நான் மறுபடி ஊற்றச் சொன்னேன். பிறகு இன்னொரு தடவையும் கேட்டேன். வினோத் சிரிக்கவில்லை, ஊற்றினார்.

அப்டேட்டை அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்தச் சங்கத்துக்கு மட்டும் நேரிலேயே ஏற்றிவிடலாம் என்று மேடம் பேக்கேஜ் இருந்த பென்டிரைவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "கெளம்புங்கண்ணே, அந்தம்மாவைப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே முந்திரித் தோப்புகள் போய்க்கொண்டே இருந்தன. நான் பென்டிரைவ் பையில் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன். மேடம் மூன்றாவது தடவைக்கு அதை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். அதன் பிறகு வெயிலில் அது கெட்டுப்போகுமோ என்று கவலை வந்தது.

சங்கத்தில் பால் சோதிக்கிற பெண் ரேவதி, வேலைக்குப் புதிது. ஊற்றுகிறவர்களும் பார்க்கட்டும் என்று திரையை வரிசையின் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். நடந்ததை ரேவதி சொன்னாள். பால் கொண்டுவருவதை நிறுத்திவிட்ட பெண்ணின் பெயர் பாக்கியம், அதுவரை டீக்கடைக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர். கடையை மூடிவிட்டதால் சங்கத்துக்கு வர ஆரம்பித்தார். வீடு சங்கத்துக்குப் பின்னாலேயே. கறந்த கையோடு, சூடு ஆறாமல் கொண்டுவந்துவிடுவார். இரண்டு நாள் சிவப்பு வந்தது. "சிவப்பு வந்தா வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார். இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்குன்னு எனக்குப் புரியல. நான் தண்ணி கலந்ததுன்னு சொல்லவே இல்ல. வரிசையில நின்னவங்கதான் சொன்னாங்க."

வரிசையில் சின்னையா என்று ஒருவர் எப்போதும் முன்னால் நிற்பாராம். "டீக்கடைக்கு ஊத்துன கை, சும்மா இருக்குமா?" என்று அவர் கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்களாம். பாக்கியம் பால் தூக்கை எடுத்துக்கொண்டு போனவர்தான், அதன் பிறகு வரவில்லை.

பேக்கேஜை ஏற்றினேன். மெஷின் ஒழுங்காகக் கிளம்பியது. ஆனால் சிவப்பு வாக்கியத்தை அங்கே சோதித்துப் பார்க்க வழியில்லை. எல்லாரும் காலையிலேயே ஊற்றிவிட்டதால் மத்தியானத்தில் காய்ச்சிப் பார்க்கக்கூடப் பால் கிடைக்கவில்லை.

பாக்கியம் வீட்டு வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மேடம் தன்னை யாரென்று சொல்லி, தப்பு மெஷினில்தான், எங்களால் வந்தது என்று விளக்கினார். பாக்கியம் கேட்டுக்கொண்டார்.

"அதை என்கிட்ட வந்து சொல்றீங்க. நான்தான் தண்ணி ஊத்தலையே, எனக்குத் தெரியாதா? தெரிய வேண்டியவுக வரிசையில நின்னாக."

"அதுக்குத்தாங்க வந்திருக்கோம். சாயந்திரம் நீங்க பால் கொண்டாரணும். ஆத்தாம, கறந்த சூட்டோட கொண்டாங்க. வரிசையில நடுவுல நிக்காம முன்னாடியே வாங்க."

"செவப்புத்தானே வரும்?"

"செவப்பு வரணும்ங்க. வந்தாத்தான் அது என்ன சொல்லுதுன்னு எல்லாரும் படிப்பாங்க."

பாக்கியம் வாளியைக் கீழே வைத்தார். "மூணாந்தடவையும் அந்த இங்கிலீசு வந்துச்சுன்னா, நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்க. நான் எங்கிட்டு போவேன்?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். வராது என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்திருப்பார். என் வாயில் அது வரவில்லை. நான் வாழ்க்கையில் எதையும் வராது என்று சொன்னவன் இல்லை. "ஆபீஸ்ல பலதடவை ஊத்திப் பாத்தோம், ஆத்தா. தமிழ்லதான் வந்துச்சு. இங்க பாக்கல" என்றேன்.

பாக்கியம் வாளியை மறுபடி எடுத்தார். "நீ ஒருத்தன்தான் உள்ளதைச் சொல்ற" என்றார். வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

சாயந்திரம் வரைக்கும் நான் பட்ட பாட்டை எழுதி மாளாது. இங்கிலீஷில் வந்துவிட்டால் அந்த அம்மாவை நாங்களே கூட்டிவந்து மூன்றாவது தடவை அவமானப்படுத்தியதாக ஆகும். அது ஒரு பக்கம். பச்சை வந்துவிட்டால்? நடந்துவருவதற்குள் காற்றில் பால் ஆறி, மெஷின் ஏற்றுக்கொண்டுவிட்டால், மாட்டிக்கொண்ட பிறகு இப்போது ஒழுங்காகக் கொண்டுவருகிறாள் என்பார்கள். அதுவும் அந்த அம்மாவின் பெயருக்குத்தான் கேடு. சிவப்பு வர வேண்டும், அதுவும் தமிழில் வர வேண்டும். நல்ல பாலுக்குச் சிவப்பு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மேகம் மறைத்துக் காற்று குளிர்ந்தபோது வாசலுக்கும் மெஷினுக்குமாக நடந்தேன். மேடம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

வரிசை சேர்ந்தது. சின்னையா முன்னால் நின்றார், வெள்ளை மீசை, கையில் எவர்சில்வர் தூக்கு. கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் சத்தமாகப் படிக்கிற பழக்கம் அவருக்கு. சுவரில் ஒட்டியிருந்த மாட்டுத் தீவன விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பாக்கியம் பின்பக்கமிருந்து வந்தார். தூக்கை முந்தானையால் போர்த்தி இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தார். சூடு ஆறக் கூடாதென்று அவரும் நினைத்திருக்கிறார்.

"வந்துருச்சுடா தண்ணி லாரி" என்று யாரோ முனகினார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். சின்னையா நகர்ந்து வழிவிட்டார்.

ரேவதி கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து மெஷினில் வைத்தாள். மெஷின் உறுமியது. நான் திரையைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. ரேவதியின் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் முகத்தில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. அப்போதும் எனக்குத் தெரியாது, எந்த மொழி என்று.

வரிசை சட்டென்று அடங்கியது. அந்த அமைதியில் சின்னையாவின் குரல் பழக்கதோஷத்தில் கேட்டது.

"பால் சூடாக உள்ளது. சற்று ஆறவைத்து…" அங்கேயே குரல் தேய்ந்தது.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

பாக்கியத்துக்குப் படிக்கத் தெரியாது. திரையையும் சின்னையாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரேவதியிடம் கேட்டார், மெதுவாகத்தான்: "அன்னிக்கும் இதத்தான் சொல்லுச்சா?"

ரேவதிக்குக் கண் கலங்கிவிட்டது. மேடம் முன்னால் வந்து, "ஆமாங்க. ரெண்டு நாளும் இதேதான் சொல்லுச்சு. நாங்கதான் அதை யாருக்கும் புரியாம பண்ணி வெச்சுட்டோம்" என்றார்.

சின்னையா தூக்கைக் கை மாற்றிக்கொண்டு, வெளியே எதையோ பார்ப்பது போலத் திரும்பினார். பாக்கியம் விடவில்லை.

"அண்ணே, இன்னொருக்கா படிங்க. கடைசியில நிக்கிறவுகளுக்குக் கேக்கல."

சின்னையா தொண்டையைச் செருமினார். முதலிலிருந்து முழுசாகப் படித்தார், கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

பாக்கியம் தூக்கின் மூடியைத் திறந்து, ஓரமாக வைத்து, பால் ஆறுகிறவரைக்கும் அங்கேயே நின்றார். வரிசை அவருக்குப் பக்கத்தில் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அன்று யாரும் அந்த இடத்தில் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. இரண்டாவது தடவை பச்சை வந்தது.

தம்பி, நீங்கள் சும்மா கிடக்கிறது என்று சொன்ன வாக்கியங்களில் சின்னையா படித்ததும் ஒன்று. அந்தப் பழைய மெஷின்கள் எல்லாம் போய்விட்டதாக நீங்கள் சொல்லலாம். கடைசி மெஷின் போனதை யாராவது நேரில் பார்த்தீர்களா? பார்த்த பிறகு எடுங்கள். எண் மட்டும் வேண்டாம்.